குறைந்த மதிப்பெண்ணோடு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைப் பட்டதாரிகளுக்கு

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வின் முடிவு வந்த சில நாட்களுக்குள் பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தொண்டிப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் மதிப்பெண் சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மண்டபத்தில் என் வீட்டுக்கு வருவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. "இந்த மார்க்குக்கு ஏதாவது கிடைக்குமாண்ணே?" என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நானும் இளங்கலையில் 54 சதவீதம் வாங்கியவன். இரண்டு பாடங்களை அரியர் வைத்து எழுதியவன். முதல் முறை விண்ணப்பித்த எல்லா இடங்களிலும் மறுக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு இரண்டாம் முறை இடம் பெற்றவன். ஆகவே அவர்களிடம் நான் சொல்வதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்கும் சேர்க்கைக் குழுவுக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன: இவரால் எங்கள் பாடச்சுமையைத் தாங்க முடியுமா, எடுத்த வேலையை இவர் முடிப்பாரா. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த இரண்டில் ஒன்றுக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத வரியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்துவிடலாம்.

எங்கே எது எடைபோடப்படுகிறது என்று பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும் சேர்க்கைக் கொள்கை அறிக்கையை முழுவதும் படியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தவறவிடும் முதல் படி இதுதான். இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐ.ஐ.எம்.களில் பலவும் கேட் பெர்சென்டைலோடு (தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள் என்ற எண்) பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம் ஆகியவற்றுக்கும் புள்ளிகள் கொடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கின்றன. எதற்கு எத்தனை புள்ளி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. எனவே பழைய மதிப்பெண்ணுக்குக் குறைந்த எடையும், தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் வேலை அனுபவத்துக்கும் மிகுந்த எடையும் தரும் நிறுவனங்களைத் தேடிப் பிடித்து விண்ணப்பிப்பதுதான் அறிவுடைமை. பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே, கூட்டுத்தொகையில் எட்டவே முடியாத இடத்துக்குக் கட்டணம் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

வெளிநாட்டுக் கல்லூரிகளும், ஐதராபாத்தில் உள்ள ஐ.எஸ்.பி. என்ற தனியார் மேலாண்மைக் கல்லூரி போன்ற இடங்களும் வேறு முறையில் பார்க்கின்றன. அங்கே மதிப்பெண், ஜிமேட் அல்லது ஜி.ஆர்.ஈ. என்ற உலகளாவிய நுழைவுத் தேர்வு, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், வேலையில் நீங்கள் செய்து காட்டியவை எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து சேர்த்துப் படிக்கிறார். ஒரு கல்லூரி தன் மாணவர்களின் சராசரி ஜிமேட் மதிப்பெண்ணை அறிவித்திருந்தால், அதற்குக் கீழே வாங்கியவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். சராசரியை விட்டுவிட்டு, சேர்ந்தவர்களுடைய மதிப்பெண்கள் எதிலிருந்து எதுவரை பரவியிருக்கின்றன என்பதைப் பாருங்கள். அந்தப் பரப்பின் அடிவிளிம்புக்கு உள்ளே நீங்கள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவம் நான்கைந்து ஆண்டு ஆனவர்கள் ஐ.ஐ.எம்.கள் நடத்தும் ஓராண்டு முழுநேரப் படிப்புகளையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் அங்கே பின்னுக்குப் போய், வேலையில் என்ன செய்தீர்கள் என்பது முன்னுக்கு வரும்.

மீன்வளமோ வேளாண்மையோ படித்தவர்களும், கடல் தொழிலோடு பிறந்து வளர்ந்தவர்களும் இன்னொரு பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979-இல் தொடங்கிய இர்மா, ஊரக மேலாண்மைக்கென்றே உண்டானது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் உணவு, வேளாண் வணிக மேலாண்மைக்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஏலக்கடையும் ஐஸ் பெட்டியும் தெரிந்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

சான்றிதழ்களில் ஒளிந்திருக்கும் சிக்கல்கள்

2021-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடித்தவர்களுக்குப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டுமே இருக்கிறது, மதிப்பெண் இல்லை. அவர்கள் இப்போது பட்டம் முடித்து விண்ணப்பிக்கும் வயதில் இருக்கிறார்கள். படிவத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளியில் வாங்கிய அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைத் தாமாகவே போட்டுவிட்ட ஒரு தம்பியைப் பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஆண்டுக்கென்று படிவத்தில் வழிகாட்டல் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் தேர்வு உதவி மையத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

பட்டப்படிப்பிலும் இப்படி ஒன்று உண்டு. நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்கள் என்று மதிப்பெண் பட்டியல் பிரிந்திருக்கும். பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வது பகுதி மூன்றின் சதவீதத்தை. நிறுவனம் கேட்பதோ பெரும்பாலும் பல்கலைக்கழகம் கணக்கிடும் முறைப்படியான சதவீதம். இரண்டுக்கும் நடுவே நான்கைந்து புள்ளி வேறுபாடு வரலாம். கேட் எழுதப் பட்டத்தில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு 45 போதும். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர் போகிற விஷயம். தரப்புள்ளியைச் சதவீதமாக மாற்றும் முறை எது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குப் போதாது. உங்கள் சமுதாயம் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். வசதி படைத்த பிரிவில் இல்லை என்பதற்கான சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து, அதுவும் நிறுவனம் கேட்கும் நிதியாண்டுக்கு உரியதாகப் புதிதாக வாங்க வேண்டும். ஐ.ஐ.எம்.களில் ஓ.பி.சி. பிரிவுக்கு 27 சதவீத இடங்கள் உண்டு. கடற்கரைக் குடும்பங்களில் பலருக்கு இந்த உரிமை இருந்தும், சான்றிதழ் வேறு படிவத்தில் இருந்ததால் பொதுப் பிரிவில் போட்டியிட்டுத் தோற்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேர்வை மறுபடி எழுதலாமா

கேட் ஆண்டுக்கு ஒரு முறைதான், வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். ஜிமேட் அப்படியில்லை: 12 மாதத்துக்குள் ஐந்து முறை எழுதலாம், ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 16 நாள் இடைவெளி போதும், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். இப்போதைய ஜிமேட்டில் கணிதம், மொழி, தரவு என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்பதை மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு நீங்கள் முடிவு செய்யலாம் என்பதால், முதல் முறை சறுக்கினாலும் பெரிய இழப்பில்லை, கட்டணம் தவிர.

மறுபடி எழுதுவதா வேண்டாமா என்பதற்கு என் அளவுகோல் இது: முந்தைய தேர்வில் எந்தப் பகுதி உங்களைக் கீழே இழுத்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் எழுதுங்கள்; காட்ட முடியாவிட்டால் இன்னொரு முறை எழுதினாலும் அதே மதிப்பெண்தான் வரும். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளை இழுப்பது பெரும்பாலும் கேட்டின் ஆங்கில வாசிப்புப் பகுதி. பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச பெர்சென்டைல் கேட்கப்படுவதால், கணிதத்தில் எவ்வளவு வாங்கினாலும் இங்கே விழுந்தால் அழைப்பு வராது. பயிற்சி மையத்தின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது இதற்கு மருந்தாகாது. நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைத் தமிழில் மூன்று வரியாக எழுதிப் பாருங்கள். எட்டு மாதம் விடாமல் செய்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

எட்டு மாதம் என்றதும் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் முகம் வாடும். உங்களுக்கென்று ஒரு காலம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் வேலை போக மிச்சமிருக்கும் பொழுது முழுக்க உங்களுடையது. கணித அடிப்படை முழுவதையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டு, ஜூனுக்குப் பிறகு வாசிப்பையும் மாதிரித் தேர்வுகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நவம்பர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நேரம். மதுரையில் மையம் கிடைத்தால் முதல் நாள் காலையிலேயே கிளம்பிப் போய்த் தங்கிவிடுங்கள். காலைப் பொழுதுத் தேர்வுக்கு அன்று விடியற்காலை இராமேசுவரத்திலிருந்து பஸ் ஏறுவது ஓராண்டு உழைப்பை வானிலையிடம் ஒப்படைப்பதாகும்.

படிக்க முடியும் என்பதற்குப் புதிய சான்று

பழைய மதிப்பெண்ணை அழிக்க முடியாது; அதற்குப் பக்கத்தில் புதிய மதிப்பெண் ஒன்றை வைக்கலாம். இதற்கு நம் போன்றவர்களுக்கு எட்டுகிற விலையில் இருப்பது ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். படிப்புகள்தாம். பாடம் கேட்பது இலவசம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாரந்தோறும் தரும் பயிற்சிகளுக்கு 25 சதவீதமும், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதமும் கணக்கிட்டு மதிப்பெண் தருகிறார்கள். கண்காணிப்பில் எழுதிய தேர்வு என்பதால் சேர்க்கைக் குழுவும் மதிக்கும். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பெங்களூர் ஐ.ஐ.எம். நடத்தும் மேலாண்மைப் படிப்புகளும் இருக்கின்றன.

எந்தப் பாடம் என்பது முக்கியம். உங்கள் பட்டியலில் எது ஓட்டையோ அதை அடைக்கிற பாடத்தை எடுங்கள். கணிதத்தில் குறைந்தவர் புள்ளியியலும், வணிகவியல் படிக்காதவர் நிதிக் கணக்கியலும், எல்லோரும் பொருளியல் அடிப்படையும் எடுக்கலாம். தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்ற பெயர்களில் பத்துச் சான்றிதழ் சேர்த்துக் கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றுகூட முதல் ஐயத்துக்குப் பதில் சொல்வதில்லை. 12 வாரப் படிப்பு ஒன்றை எடுத்து 80-க்கு மேல் வாங்குவது அந்தப் பத்தையும்விட எடை கூடியது.

கடற்கரையில் செய்த வேலையை எண்ணாகச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். மதிப்பெண் குறைந்தவருக்கு இருக்கும் பெரிய சொத்து, அவர் செய்த வேலை. நம் கரையில் வளர்ந்தவர்கள் இருபது வயதுக்குள் பார்த்துவிடும் வணிகத்தை, நகரத்துப் பிள்ளைகள் பாடநூலில்தான் பார்க்கிறார்கள். ஒரு விசைப்படகு ஒரு முறை கடலுக்குப் போய்வர டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு, பிடித்த மீன் எவ்வளவுக்கு ஏலம் போனது, செலவு கழித்தபின் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு எப்படிப் பிரிகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு தன் மீனை வேறொருவருக்கு விற்க முடியாமல் கட்டுண்டு கிடப்பதும் தெரியும். இவையெல்லாம் செலவுக் கணக்கியலும் கடன் ஒப்பந்தமும் விலை நிர்ணயமும்தான். ஆனால் விண்ணப்பத்தில் இவற்றில் ஒன்றும் வருவதில்லை. "மீனவக் குடும்பத்தில் பிறந்தேன், துன்பப்பட்டேன்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு, கல்லூரி விழாவில் வரவேற்புரை நிகழ்த்தியதை அரைப் பக்கத்துக்கு எழுதுகிறார்கள்.

மண்டபத்துக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்துத் தங்கை கொண்டுவந்த கட்டுரையை இங்கே காட்டுகிறேன். அவள் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதியவள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை; அதைக் கரையில் காயவைத்து மூட்டை கட்டி எடைபோட்டு விற்பது அந்தக் குழுவின் தொழில். முதல் வரைவில் அவள் எழுதியிருந்ததன் சாரம் இது: "பெண்களின் முன்னேற்றத்துக்காக அர்ப்பணிப்போடு உழைத்தேன். தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வளர்த்துக்கொண்டேன்." யாரும் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வரிகள் இவை.

நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நீ வருவதற்கு முன் அங்கே எது எப்படி இருந்தது, நீ வந்த பின் எது மாறியது? சற்று நேரம் யோசித்துவிட்டுத் தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். காய்ந்த பாசியில் மண்ணும் ஈரமும் இருக்கிறதென்று வியாபாரி ஒவ்வொரு முறையும் ஒரு கழிவு போடுவார். எவ்வளவு என்பது அவர் வாயிலிருந்து வருவதுதான். அவள் குழுவுக்கென்று ஒரு தராசு வாங்கச் செய்து, வண்டி ஏறும் முன் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்து எழுதத் தொடங்கினாள். நோட்டில் நான்கு பத்திகள்: தேதி, எங்கள் எடை, அவர் எடை, கழிவு. ஒரே வெயிலில் ஒரே மணலில் காய்ந்த பாசிக்கு ஒரு வாரம் குறைந்த கழிவும் அடுத்த வாரம் அதைப்போல் இரண்டு மடங்கும் விழுந்திருப்பது நான்கு மாதத்தில் பச்சையாகத் தெரிந்தது. ஓரிடத்தில் பென்சிலால் அடித்திருந்தாள். கேட்டதற்கு, அந்த வாரம் மழை பெய்து பாசி சரியாகக் காயவில்லை, அன்று வியாபாரி போட்ட கழிவு நியாயம்தான், அதனால் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன் என்றாள். நோட்டைக் காட்டிப் பேசியதில் காய்ந்த பாசிக்கு ஒரே கழிவு என்று வியாபாரி ஒப்புக்கொண்டார்.

இதை அப்படியே எழுதச் சொன்னேன். தராசு, நான்கு பத்திகள், பென்சிலால் அடித்த வரி, முன்னும் பின்னும் குழுவுக்கு வந்த தொகை ஆகியவை மட்டும். தலைமைப் பண்பு என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. நேர்முகத்தில் அவளிடம் அந்தப் பென்சில் வரியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். தனக்குச் சாதகமான தரவையும் தவறென்று தெரிந்தால் நீக்குபவர் என்பதை அது காட்டிவிட்டது. கணிதத்தில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மிகக் குறைவு. அந்த ஐயத்துக்கு மதிப்பெண் பட்டியலால் சொல்ல முடியாத பதிலை நோட்டு சொன்னது.

உங்களுக்கும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். ஐஸ் ஃபேக்டரியில் மின்தடையால் வீணான கட்டிகளின் கணக்காகவோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை மூட்டையாக விற்காமல் தரம் பிரித்து விற்றதில் கூடிய விலையாகவோ, கருவாட்டுக் கடையில் கடன் பாக்கியை வசூலித்த முறையாகவோ இருக்கலாம். எண் சிறிதாக இருப்பதில் குறையில்லை. அது உங்களால் மாறிய எண்ணாக இருக்க வேண்டும். குடும்பத் தொழிலில் வேலை செய்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் பெற்ற பின் முழுநேரமாகச் செய்த வேலைதான் பெரும்பாலும் அனுபவமாகக் கணக்கிடப்படும். அதற்கும் தாள் வேண்டும். வங்கிக் கணக்கு, விற்பனைச் சீட்டுகள், ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரித் தாக்கல் ஆகியவற்றில் இருப்பதையெல்லாம் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். தெரிந்தவரிடம் பொய்யாக அனுபவச் சான்றிதழ் வாங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். சரிபார்ப்பில் பிடிபட்டால் சேர்ந்த பிறகும் வெளியேற்றுவார்கள்.

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் சொல்வது

வெளிநாட்டுக் கல்லூரிகளின் படிவத்தில், வேறெதும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு விருப்பக் கட்டுரை இருக்கும். அதற்குரிய இடம் இது. நம் நாட்டு நிறுவனங்களில் இதே கேள்வி நேர்முகத்தில் வாய்மொழியாக வரும். இரண்டுக்கும் விடை ஒரே அளவுதான்: என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், அதில் என் பங்கு என்ன என்று ஒரு வாக்கியம், அதன்பின் என்ன செய்தேன் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள். அப்பா கடலில் பிடிபட்டு வேற்று நாட்டுச் சிறையில் இருந்த பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றவர் அதை மறைக்கத் தேவையில்லை, ஒரு பக்கத்துக்கு விரிக்கவும் தேவையில்லை. அந்தப் பருவத்துக்கு முன்னும் பின்னும் இருந்த மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டினால் படிப்பவர் புரிந்துகொள்வார்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லாதவர்கள்தாம் பெரும்பான்மை. நானும் அவர்களில் ஒருவன். என் அரியருக்கு நோயும் காரணமில்லை, புயலும் காரணமில்லை, நான் படிக்கவில்லை. முதல் முறை விண்ணப்பித்தபோது கல்லூரியின் மேலும் பாடத்திட்டத்தின் மேலும் பழியைப் போட்டு எழுதினேன். இரண்டாம் முறை, "அந்த வயதில் நான் படிப்பை மதிக்கவில்லை, வேலையில் சேர்ந்து ஒரு கணக்கைத் தவறாகப் போட்டு என் மேலாளர் அதைத் திருத்த இரவு முழுக்க உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது, அதன்பின் கணக்கியலும் புள்ளியியலும் படித்து இந்த மதிப்பெண் வாங்கினேன்" என்று எழுதினேன். நேர்முகத்தில் யாரும் அதைத் தோண்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம்

யார் பெரிய ஆள் என்று தேடுவது நம் ஊர் வழக்கம். கட்சிப் பிரமுகர், பங்குத்தந்தை, ஜமாஅத் தலைவர் ஆகியோர் உங்கள் மேல் வைத்திருக்கும் அன்பு உண்மையானதுதான். ஆனால் உங்கள் வேலையை நாள்தோறும் பார்த்தவரின் கடிதத்துக்குத்தான் மதிப்பு. இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் உங்கள் மேற்பார்வையாளராக இருந்தவர், சங்கக் கணக்கைத் தணிக்கை செய்தவர், குழுவுக்குக் கடன் கொடுத்த வங்கி அலுவலர் ஆகியோரைக் கேளுங்கள். ஒரு மாதம் முன்பே போய், நீங்கள் செய்த மூன்று வேலைகளைத் தேதியோடும் எண்ணோடும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவரே எழுதட்டும். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று அவர் சொன்னால், அவர் தமிழில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு ஆங்கிலப்படுத்தித் தருவதாகச் சொல்லுங்கள். முடிந்தால், உங்களிடம் இருந்த ஒரு குறையையும் நீங்கள் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் அவர் சொல்லட்டும்.

நேர்முகம்

மதிப்பெண் குறைந்தவருக்கு நேர்முகத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ஒன்று, பட்டத்தில் நீங்கள் மோசமாகச் செய்த பாடத்திலிருந்தே அடிப்படைக் கேள்வி. அந்தப் பாடத்தின் முதல் மூன்று அலகுகளை மட்டுமாவது மறுபடி படித்துவிட்டுப் போங்கள்; அரியர் வைத்த பாடத்தில் சரியாக விடை சொல்வதைவிட வலுவான பதில் வேறில்லை. மற்றொன்று, உங்கள் ஊர். இராமநாதபுரம் என்றதும் பாம்பன் பாலத்தையும் கச்சத்தீவையும் கேட்பார்கள். பழைய பாலம் 1914-இல் திறந்தது, செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, கச்சத்தீவு ஒப்பந்தங்கள் 1974-லும் 1976-லும் ஆனவை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின என்பவை தெரிந்திருக்க வேண்டும். அவற்றைவிட, அவை உங்கள் தெருவின் வருமானத்தை எப்படித் தொடுகின்றன என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எல்லை தாண்டுவது சட்டப்படி தவறுதானே என்று ஒருவர் கேட்டால் கோபப்படாமல், இழுவைமடி விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், அக்கரைத் தமிழ் மீனவர் ஆகிய மூவரின் நியாயத்தையும் எடுத்து வைத்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் நிதானமாகச் சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரைவிட, உங்களை அறியாத ஒருவரைக் கேள்வி கேட்க வையுங்கள்; தெரிந்தவர்கள் நீங்கள் விட்ட இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ நேர்முகம் முடிந்து ரயிலில் திரும்பும்போதே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன விடைகளையும் வரிசையாக எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த அழைப்புக்கு அதுதான் பாடநூல். காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால், வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும் விண்ணப்பத்துக்குப் பின் நடந்ததைத் தெரிவிக்க இடம் தருகின்றன. இடையில் வந்த என்.பி.டெல். மதிப்பெண், வேலையில் கூடிய பொறுப்பு, மறுபடி எழுதிய தேர்வு ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதை அரைப் பக்கத்தில் எழுதி, சான்றை இணைத்து, அவர்கள் சொன்ன தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.